சிங்காரத்துக்கு நாலு கொம்பு

அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் கொக்கரைத்துறை கடலுக்குப் போனது. ஊர் ஆட்கள் போனார்கள் என்று சொல்லவில்லை, அவர்கள் தினமும் போகிறவர்கள்தான், ஊரே போனது. அறுபத்தொரு வீடு, ஒரு மாரியம்மன் கோவில், அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரேஷன் கடை, இரண்டு நல்லதண்ணிக் கிணறு, எண்ணிப் பார்க்க யாரும் மெனக்கெடாத ஆடுகள், எல்லாம் சேர்ந்து போய், இரண்டு மாசமும் சொச்ச நாளும் கடலில் இருந்துவிட்டு, ஆடி முதல் தேதி திரும்பி வந்தன. இப்போது அங்கே போய் யாரையாவது நிறுத்திக் கேட்டால், "ஆமா, அந்த வருஷம் நெத்திலி அள்ள அள்ள வந்துச்சு" என்பார்களே தவிர, ஊர் எப்படிப் போனது என்று ஒருத்தரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். எப்படிப் போனது என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே, நம்புராஜன் தன் படகுக்கு நாலு கொம்பு வைத்தான், அதனால் போனது.

நம்புராஜனுடைய படகு இஞ்சின் இல்லாத பாய்மர வத்தை. அந்தக் கரையில் படகுக்குப் பொம்பளைப் பெயர் வைப்பதுதான் வழக்கம், முத்துமாரி, நாகவல்லி, பொன்னுத்தாய் என்று வரிசையாக நிற்கும். ஆனால் அப்பா செத்த வருஷம் கட்டிய படகு என்பதால் நம்புராஜன் அதற்கு அப்பா பெயரையே வைத்தான். 'சிங்காரம்' என்று நீலப் பெயிண்டில் எழுதி, எழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு இருந்த மாதிரியே ஒரு மீசையும் வரைந்து வைத்திருந்தான்.

அப்பா குணமும் படகுக்கு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், ஓரிடத்தில் நிற்காது. முன்பெல்லாம் படகுகள் இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கும், அதில் தொல்லை இல்லை. பிறகு அரசாங்கத்தில் கடலுக்குள் நீட்டமாக ஒரு சிமெண்டுப் பாலம் கட்டி, படகுக் கயிறு மாட்டுவதற்குக் கழுத்து மெலிந்து தலை பெருத்த இரும்புக் குமிழ்களை அதில் நட்டுக் கொடுத்தார்கள். மற்ற படகுகளில் கயிறு பிடிக்க இடம் இருந்தது. சிங்காரத்தில் பாய்மரத்தின் அடியைத் தவிர வேறு இடமில்லை. அங்கே கட்டினால் கயிறு படகின் விளிம்பில் உரசி உரசி நைந்துபோகும், படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு பாலத்தில் இடிக்கும், கடைசியில் கயிற்றை அறுத்துக்கொண்டு தன்பாட்டுக்குக் கிளம்பிவிடும். நம்புராஜன் நீந்திப் போய்ப் பிடித்துக்கொண்டு வருவான்.

இப்படி ஒரு நாள் நீந்தப் போனதில்தான் வினை வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு பங்குனி மாசம் அவன் தங்கச்சி பஞ்சவர்ணத்தின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். நம்புராஜன் புது வேட்டி கட்டி, சீர்த்தட்டு எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், சிங்காரம் போய்க்கொண்டிருக்கிறது. வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கடலில் குதித்தான். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தது மூன்று மணி நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது, பெரியப்பா மகன் சன்னாசியின் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி முடிந்து, பந்தியும் இரண்டாவது வரிசைக்கு வந்திருந்தது. பஞ்சவர்ணம் ஈரத்தோடு நின்ற அண்ணனைப் பார்த்து, "உனக்குப் படகுதான் பெருசு. நல்லா இரு" என்று சொன்னாள். அதோடு பேச்சு நின்றது. ஒரே ஊர், அடுத்த தெரு, ஒரே ரேஷன் வரிசை, மூன்று வருஷம். எதிரில் வந்தால் அவள் ஆட்டைப் பார்த்துப் பேசுவாள், ஆடு இல்லாவிட்டால் முருங்கை மரத்தைப் பார்த்துப் பேசுவாள்.

இப்போது அவளுக்கு இரண்டாவது பிள்ளை, பையன், ஆடி பதினெட்டில் காதுகுத்து என்று ஊரில் பேச்சு. நம்புராஜனுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, அன்றைக்குக் காலையில் படகு ஓடிப்போகாமல் இருந்தால் போதும், குளித்துவிட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருப்போம், கூப்பிட்டால் போவோம் என்று அவன் நினைத்தான். மறுநாளே கித்தேரி ஓடாவியிடம் போய் நின்றான். ஓடாவி என்றால் படகு கட்டுகிற தச்சர். கித்தேரியான் என்ற முழுப் பெயரை அவர் மனைவிகூட மறந்துவிட்டாள்.

"படகு நிக்கணும்" என்றான் நம்புராஜன்.

"ஒங்கப்பனே நின்னதில்ல" என்றார் கித்தேரி. ஆனாலும் தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கிற கடைக்குப் போய், இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிற பித்தளைக் கட்டை நாலு பொறுக்கிக்கொண்டு வந்தார். கொம்பு என்றுதான் அங்கே அதற்குப் பெயர். கயிற்றின் கண்ணியைக் கொம்பில் மாட்டி, எட்டுப் போடுகிற மாதிரி மேலும் கீழும் சுற்றிவிட்டால் படகு நிற்கும். முன்தட்டில் இரண்டு, பின்தட்டில் இரண்டு.

நம்புராஜன் ஒரு ஆணியை எடுத்து நீட்டினான். கித்தேரி அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஆணி அடிச்சா மொதக் காத்துக்கே பலகையோட பிச்சிக்கிட்டுப் போயிரும். பலகைக்குக் கீழ பூவரசங்கட்டை வச்சு, ரெண்டையும் தொளைச்சு, போல்ட்டு எறக்கி, அடியில நட்டுப் போட்டு முறுக்கணும். இழுக்கிற இழுவை தட்டுல நிக்கக்கூடாது, மொத்தப் படகுலயும் போயி எறங்கணும். வெளங்குதா?"

"வெளங்குது."

"ஒனக்கு வெளங்கவேணாம், கட்டையைப் பிடி."

இரண்டு நாள் வேலை. துளை போட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் இறங்காமல் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றினார். கயிறு உரசுகிற விளிம்பில் பித்தளைத் தகடு வளைத்து அடித்தார். நாலு கொம்பிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்தபோது, சிங்காரம் மீசையோடு சேர்த்துப் பார்க்க ஒரு மாதிரி கம்பீரமாகத்தான் இருந்தது.

இனி முதல் கயிறு கட்ட வேண்டும். கொக்கரைத்துறையில் புதுப் படகையோ, புதிதாகக் கயிறு மாட்டுகிற படகையோ முதன்முதலில் கட்டும்போது தாலி கட்டுகிற மாதிரி மூன்று முடிச்சுப் போடுவார்கள். முதல் முடிச்சு படகுக்காரன் போட வேண்டும், மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும், கல்யாணத்தில் நாத்தனார் போடுகிறாளே அது மாதிரி. கரைதான் மாப்பிள்ளை, படகுதான் பொண்ணு, அதனால் கண்ணியைக் கரையில் மாட்டிவிட்டு முடிச்சைப் படகில் போடுவது வழக்கம். அப்படிக் கட்டிய படகு காலையில் போனாலும் சாயங்காலம் புருஷன் வீட்டுக்கு வந்துவிடும்.

நம்புராஜன் கயிறும் கையுமாக நின்றபோது கித்தேரிதான் குறுக்கே வந்தார். "இது ஆம்பளைப் படகுல்ல? ஆம்பளைக்கு எவனாச்சும் தாலி கட்டுவானா?"

ஊர்த்தலைவர் காத்தமுத்து யோசித்தார். கூடியிருந்தவர்களும் யோசித்தார்கள். மீசை வைத்த படகுக்குத் தாலி கட்டுவது யாருக்கும் நன்றாகப் படவில்லை. அப்படியானால் மாற்றிக் கட்டுவதுதான் முறை என்று முடிவானது. கண்ணியைப் படகின் கொம்பில் மாட்டு, மூன்று முடிச்சையும் பாலத்து இரும்புக் குமிழின் கழுத்தில் போடு. எல்லாரும் சரி சரி என்றார்கள். அதற்கு மேல் ஒரு அடி யாராவது யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பஞ்சவர்ணம் வரமாட்டாள் என்றுதான் நம்புராஜன் நினைத்தான். ஊர் முறை என்று தலைவர் சொல்லி அனுப்பியதால் வந்தாள். இடுப்பில் பிள்ளையோடு வந்து, பிள்ளையை உமையாள் கையில் கொடுத்தாள். உமையாள் நம்புராஜன் பெண்டாட்டி, மதினியோடு மட்டும் பஞ்சவர்ணத்துக்குப் பேச்சு உண்டு. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டான். தங்கச்சி அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து இரண்டாவதைப் போட்டாள், மூன்றாவதைப் போட்டாள். போட்டாள் என்றால் சும்மா போடவில்லை, மூன்று வருஷத்துக் கோபத்தையும் கையில் கொண்டுவந்து, காலைக் குமிழில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கயிறு முனகியது. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற கச்சான் காற்று எழுந்தது. பாயை உலர்த்தலாம் என்று நம்புராஜன் விரித்தான். படகு கிளம்பியது. கயிறு விறைத்தது. கொம்பு அசையவில்லை, கித்தேரியின் வேலை அப்படி. முடிச்சு நெகிழவில்லை, பஞ்சவர்ணத்தின் கோபம் அப்படி. மூன்றாவதாக விட்டுக்கொடுக்க இருந்தது தரை ஒன்றுதான், அது விட்டுக்கொடுத்தது. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை, குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. நம்புராஜன் திரும்பிப் பார்த்தான். பாலம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, பாலத்துக்குப் பின்னால் கோவில் வந்தது, கோவிலுக்குப் பின்னால் அவன் வீடு வந்தது, வீட்டுக் கொல்லையில் உமையாள் பாத்திரம் விளக்கிக்கொண்டே வந்தாள்.

"எங்க போறீக?" என்று கத்தினாள்.

"தெரியல. நீயும்தான் வர்ற."

அவள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். "ஒலை வச்சிருக்கேன், மெதுவாப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒன்பதே கால் பஸ்ஸின் கண்டக்டர் தவமணி, பழக்க தோஷத்தில் "கொக்கரைத்துறை எறங்கு" என்று விசில் ஊதினார். எதிரே தண்ணீர். ரோடு ஒரு இடத்தில் வெட்டிவிட்டது போல முடிந்திருந்தது. அங்கே தினமும் அவர் டீ குடிக்கிற கடை தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது, கடைக்காரர் கையைக் கூட ஆட்டினார். இறங்க வேண்டிய மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊர் நாட்டுப்படகு ஒன்றைப் பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.

அன்று மத்தியானம் கோவில் முன்னால் ஊர் கூடியது. பாயை இறக்கியும் சிங்காரம் நிற்கவில்லை, நங்கூரம் போட்டால் நங்கூரமும் கூட வந்தது, இது என்ன கூத்து என்று காத்தமுத்து கேட்டார். உமையாள்தான் சொன்னாள்: "இதுல என்ன மாமா கூத்து? இத்தனை நாளும் கரை மாப்பிள்ளை, படகு பொண்ணு. நேத்து மாத்திக் கட்டுனீக. பொண்ணைக் கட்டிக் கொடுத்தா மாப்பிள்ளை வீட்டுக்குத்தானே போவா?"

அடடே, ஆமாம் என்றார்கள். மாப்பிள்ளை வீடு கடல்தானே என்றார்கள். காரணம் தெரிந்துவிட்டதால் எல்லாருக்கும் மனசு லேசாகி, இரண்டு பேர் எழுந்து சாப்பிடக்கூடப் போய்விட்டார்கள்.

மூன்று நாள் ஆள் மாற்றி ஆள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் கோணி ஊசியால் குடைந்தார். சன்னாசி பல்லால் கடித்து ஒரு பல்லை இழந்தார். ஒருத்தன் கத்தியை எடுத்தான், "தாலிக்கயித்துல கத்தி வைக்கிறியாடா, பாவி" என்று பொம்பளைகள் விளக்குமாற்றோடு வந்ததும் ஓடிவிட்டான். கடைசியில் காத்தமுத்து பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போய், நீ போட்டதை நீயே அவிழ்த்துவிடு தாயி என்றார்.

"கட்டச் சொன்னீக, கட்டுனேன்" என்றாள் பஞ்சவர்ணம். "அவுக்கச் சொல்ல வேண்டியவுக வந்து சொல்லட்டும்."

சொல்ல வேண்டியவன் படகின் பின்தட்டில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாலம் வழியாக நடந்து போய், அம்மாடி அவிழ்த்து விடு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அவிழ்த்துவிடுவாள் என்று நம்புராஜனுக்குத் தெரியும். அவன் போகவில்லை. வீம்பு என்று ஊர் பேசிக்கொண்டது. வீம்பு இல்லை. மூன்று வருஷத்தில் தங்கச்சி அவனுக்கென்று செய்தது அந்த இரண்டு முடிச்சு ஒன்றுதான். கோபத்தில் போட்டதாகவே இருக்கட்டும், அவள் கைபட்டுப் போட்டது. அதையும் அவிழ்த்துவிட்டால் அவனுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஆக, ஊர் கடலில் இருந்தது. இருக்கப் பழகிக்கொண்டது. கொல்லைக் கதவைத் திறந்து தூண்டிலைப் போட்டால் குழம்புக்கு மீன் வந்தது. நெத்திலிக் கூட்டம் ரேஷன் கடை வாசல் வரைக்கும் வந்தது. கிணற்றுத் தண்ணீர் முன்னைப் போலவே இனித்தது. கரண்டு இல்லை, ஆனால் அது ஊருக்குப் புதிசும் இல்லை. தபால்காரர் ஒரு கட்டுமரத்தில் வந்து, விலாசத்தில் 'தற்சமயம் கிழக்கே' என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு நாள் ரோந்துக் கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து, ஒலிபெருக்கியில், உங்கள் கலத்தின் பதிவு எண் என்ன என்றது. காத்தமுத்து யோசித்துவிட்டு ரேஷன் கடை எண்ணைச் சொன்னார். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

நம்புராஜனுக்குத்தான் வேலை கூடிவிட்டது. சிங்காரத்தை நிறுத்த முடியாதே தவிர, சுக்கானைப் பிடித்தால் திருப்ப முடியும், படகு திரும்பினால் ஊர் திரும்பும். அதனால் காலையில் கண் விழித்தால் பாலத்தில் வரிசை. என் வீட்டுச் சமையல்கட்டில் வெயில் அடிக்கிறது, கொஞ்சம் வடக்கே திருப்பு. பரீட்சைத் தாள் வரவேண்டும், கரைப் பக்கமாக ஒரு நடை போய்வா. எங்கள் சம்பந்தி ஊர்த் திருவிழா, கொட்டுச் சத்தம் கேட்கிற தூரத்தில் நிறுத்த முடியாதா? எல்லாரும் கேட்டார்கள், ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் தினமும் காலை ஒன்பது மணிக்கு, யார் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும், நம்புராஜன் சுக்கானை ஒரு சாண் இடக்கைப் பக்கம் தள்ளுவான். ஊர் மெல்லத் திரும்பும். பஞ்சவர்ணம் வாசலில் கருவாடு காயப்போட்டிருக்கிற பாயின் மேல் வெயில் வந்து விழும். அவள் வந்து பார்ப்பாள். கருவாட்டைப் புரட்டிப் போடுவாள். கடல் பக்கம் மட்டும் பார்க்க மாட்டாள்.

அப்படி ஒரு நாள் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், தவழ்ந்து வந்த பிள்ளையைப் பார்த்து அவள் அதட்டினாள். "சிங்காரம்! மண்ணைத் திங்காத! சிங்காரம், ஒன்னயத்தான்!"

படகில் உட்கார்ந்திருந்த நம்புராஜன், படகைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றுவிட்டான். பிறகுதான் விளங்கியது. பிறந்து பதினோரு மாசம் ஆகியும், குட்டி குட்டி என்று ஊர் கூப்பிடுவதைத்தான் அவன் கேட்டிருந்தான். அவள் பிள்ளைக்கு அப்பா பெயரை வைத்திருக்கிறாள். அவன் சுக்கானை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊர் ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டது, கோழிகள் சாயங்காலம் என்று நினைத்துக் கூட்டுக்குள் போய்விட்டன.

ஆனி மாசம் முடிகிற சமயத்தில் கரையிலிருந்து ஐந்து படகு வந்தது. முதல் படகில் கண்டக்டர் தவமணி, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. பின்னால் பழத்தட்டு, பூத்தட்டு, மஞ்சள் தட்டு. ரோட்டோரத்து ஊர்க்காரர்களும், பஸ் டிரைவரும், டீக்கடைக்காரரின் மச்சானும் தட்டோடு நின்றார்கள்.

"ஆடி பொறக்கப்போகுது" என்றார் தவமணி. "புதுப் பொண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைக்கணுமில்ல? அழைக்க வந்திருக்கோம். மாப்பிள்ளையும் வரணும்."

முறையாகக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற கொண்டல் காற்று இரண்டு நாள் நல்லபடியாக வீசியது. ஆடி முதல் தேதி காலை, நம்புராஜன் ஊரைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒரு முழம் வடக்கே தள்ளிச் சேர்ந்துவிட்டது, இன்றைக்கும் அந்த இடத்தில் பஸ் ஒரு சின்ன வளைவு வளைந்துதான் போகும். மாப்பிள்ளைக்கு ஆடிப்பால் கொடுக்க வேண்டும் என்று, தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வெள்ளி டம்ளரில் கொண்டுவந்து சிங்காரத்தின் மூக்கில் ஊற்றினார்கள். எறும்பு வந்தது.

ஆனால் மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கச்சான் மறுபடியும் எழுந்தது, சிங்காரம் கயிற்றை இழுத்துக்கொண்டு கடலைப் பார்த்தே நின்றான். நம்புராஜன் சுக்கானைக் கரைப்பக்கமாகவே திருப்பிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் கரையோடு ஒட்டி நின்றது. சாப்பாட்டுக்கு எழுந்தால் பத்தடி நகர்ந்தது. அதனால் உமையாள் சோற்றைப் படகுக்கே கொண்டுவந்தாள். இப்படியே பதினேழு நாள்.

பதினெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஒன்பதரையிலிருந்து பத்தரை வரைக்கும் நல்ல நேரம். கோவில் வாசலில் பந்தல். காது குத்துகிற பத்தர் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார், சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், சன்னாசி ஒரு பல் குறைவாக, ஆனால் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நம்புராஜன் படகில் இருந்தான். எழுந்து போனால் ஊர் பந்தலோடும் பத்தரோடும் பஸ்ஸோடும் கடலுக்குக் கிளம்பிவிடும். உட்கார்ந்திருந்தால் இந்தப் பிள்ளையும் சன்னாசி மடிக்குப் போய்விடும். அவனைக் கூப்பிடவும் யாரும் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தக் காலையே திரும்பி வந்து எதிரில் நின்ற மாதிரி அவனுக்கு இருந்தது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கயிற்றுக்கு இரண்டு முனை. முடிச்சு இருந்தது பாலத்து முனையில். படகு முனையில் இருந்தது வெறும் கண்ணி, கொம்பில் மாட்டிச் சுற்றியது, அவ்வளவுதான். படகைக் கொஞ்சம் கரைப்பக்கம் திருப்பி, கயிற்றுக்குத் தொய்வு கொடுத்தால், ஒரு கையால் கழற்றிவிடலாம். இது நம்புராஜனுக்கு முதல் நாளே தெரியும். பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். காத்தமுத்துவுக்கும், கித்தேரிக்கும், கடலுக்குப் போகிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். நெத்திலி நன்றாக வருகிறதே என்று ஒருத்தர் பேசாமல் இருந்தார், வாசலில் காற்று நன்றாக இருக்கிறதே என்று ஒருத்தர் பேசாமல் இருந்தார். நம்புராஜன் ஏன் பேசாமல் இருந்தான் என்பதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கழற்றினால் ஊர் நிற்கும், படகு போய்விடும்.

மேளச் சத்தம் கேட்டது. நம்புராஜன் எழுந்து சுக்கானைத் திருப்பினான். படகு பாலத்தை நெருங்கியது, கயிறு தொய்ந்தது. கொம்பிலிருந்து கண்ணியைக் கழற்றினான். அப்பா பெயரை ஒரு தடவை தடவிக் கொடுத்தான். பாலத்தில் தாவி ஏறி, ஓட்டமும் நடையுமாகப் பந்தலுக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல், சன்னாசியை இடுப்பில் இடித்து நகர்த்திவிட்டு, பத்தருக்கு எதிரே போட்டிருந்த பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

மேளம் நின்றது. பஞ்சவர்ணம் பிள்ளையோடு நின்றாள். அண்ணனைப் பார்த்தாள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். பிறகு அவன் தலைக்கு மேலே கடலைப் பார்த்தாள். சிங்காரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றாள். "படகு போகுது."

"போகட்டும்" என்றான் நம்புராஜன். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினான். "பிள்ளையைக் குடு."

அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"அப்பா பேரு வச்ச படகுண்ணே அது. போயிப் பிடிச்சிட்டு வா. நாங்க இருக்கோம்."

நம்புராஜன் நம்பாமல் அவளையே பார்த்தான். பத்தர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "தாயி, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். நல்ல நேரம் போயிருச்சுன்னா..."

"மாமன் வந்து உக்கார்ற நேரந்தான் நல்ல நேரம்" என்றாள் பஞ்சவர்ணம். "நீங்க காப்பியக் குடிங்க."

நம்புராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். ஊரே பாலத்துக்கு வந்து நின்று பார்த்தது. வயசு நாற்பத்திரண்டு, ஆனால் அன்றைக்கு அவன் நீந்தியதை அதற்கு முன்பும் பின்பும் யாரும் பார்த்ததில்லை. சிங்காரமும் ரொம்பத் தூரம் போயிருக்கவில்லை. பாய் இறக்கி, ஒரு இடத்தில் நின்று, பொண்டாட்டி வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி மூக்கைக் கரைப்பக்கம் வைத்திருந்தான். நம்புராஜன் ஏறிப் படகைக் கொண்டுவந்தபோது, பாலத்தின் நுனியில் பஞ்சவர்ணம் ஒரு கையில் பிள்ளையோடு நின்று, மறு கையால் கயிற்றின் கண்ணியைப் பிடித்திருந்தாள். குனிந்து கொம்பில் மாட்டினாள், மேலும் கீழும் எட்டுச் சுற்றினாள். இழுக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. படகு ஒரு தரம் அசைந்து, பாலத்தோடு ஒட்டி நின்றது.

கச்சான் அடித்தது, படகு நின்றது. பின்னேரம் காற்று இன்னும் ஏறியது, அப்போதும் நின்றது. கித்தேரி தாடையைச் சொறிந்தார். "வீட்டோட மாப்பிள்ளை ஆயிட்டான்" என்றார். ஊருக்கும் அதுதான் சரி என்று பட்டது. அன்றிலிருந்து சிங்காரம் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் மாமியார் வீட்டுக்கு வந்துவிடுகிறான், யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

காது குத்தியது பதினொன்றரைக்கு, அசல் ராகு காலத்தில். நம்புராஜன் சொட்டச் சொட்ட ஈரத்தோடு பலகையில் உட்கார்ந்தான். பஞ்சவர்ணம் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்தாள். உப்புத் தண்ணீர் பட்டதும் பிள்ளை சிரித்தது. பத்தர் ஊசியை எடுத்தார், ஒரு காது, மறு காது. சிங்காரம் என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளை அழவே இல்லை. அழுதது மாமன்தான்.